அளக்கப்படுபவள் கேட்கும் கணக்கு

பள்ளிப் பிள்ளைகளின் உடல்திறனை அளப்பதற்கு ஒன்றிய அரசின் கேலோ இந்தியா திட்டம் ஒரு சோதனைத் தொகுப்பை வைத்திருக்கிறது. 9 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உயரம், எடை, அவற்றிலிருந்து கணக்கிடும் பி.எம்.ஐ., 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்தபடி முன்னால் கைநீட்டுதல், படுத்த நிலையிலிருந்து பாதி எழுதல், கடைசியாகத் தண்டால். உடற்கல்வி ஆசிரியர் இவற்றை அளந்து செயலியில் ஏற்ற வேண்டும். ஓட்டத்தின் தூரம் எல்லோருக்கும் ஒன்றுதான். தண்டாலுக்கு வரும்போது மட்டும் படிவம் இரண்டாகப் பிரிகிறது. ஆண் பிள்ளைகளுக்கு முழுத் தண்டால். பெண் பிள்ளைகளுக்கு முழங்காலைத் தரையில் ஊன்றி எடுக்கும் ‘மாற்றியமைக்கப்பட்ட’ தண்டால்.

இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். பூப்புக்குப் பிறகு தோள், கை வலிமையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சராசரியில் வேறுபாடு வருகிறது என்பது உண்மை. ஆனால் நான்காம் வகுப்புப் படிக்கும் 9 வயதுச் சிறுமிக்கும் அவள் பக்கத்தில் நிற்கும் சிறுவனுக்கும் அந்த வேறுபாடு மிகச் சிறியது. அவளால் முழுத் தண்டால் எடுக்க முடியுமா என்று பார்ப்பதற்கு முன்பே அவள் முழங்காலை ஊன்ற வேண்டும் என்று படிவம் முடிவு செய்துவிடுகிறது. பிறகு திரளும் தரவுகளில் எத்தனை பெண் பிள்ளைகள் முழுத் தண்டால் எடுக்கக்கூடியவர்கள் என்ற தகவல் இருக்காது, ஏனென்றால் யாரும் அதைக் கேட்கவில்லை. உடலில் இருப்பதைப் பதிவு செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் அளவீடு, உடல் எப்படி இருக்க வேண்டும் என்றும் அதே மூச்சில் சொல்லிக் கொடுக்கிறது.

பி.எம்.ஐ.யின் கதையும் இதற்குப் பொருந்தும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முன்வைத்தவர் பெல்ஜிய நாட்டுப் புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்லே. ‘சராசரி மனிதன்’ யார் என்று தேடியவர் அவர். 1972இல் ஆன்சல் கீஸ் குழுவினர் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டியபோது அதைச் சோதித்துப் பார்த்தது பல நாட்டு ஆண்களின் உடல்களில். அந்தக் கணக்கு இன்று ஒரு வகுப்பறைக்குள் வந்து, வளரும் பருவத்துப் பெண் பிள்ளையின் எடையைச் சக மாணவிகள் காதில் விழும்படி உரக்கப் படிக்க வைக்கிறது. குண்டு, ஒல்லி என்ற பட்டப்பெயர்களுக்கு அரசாங்க முத்திரை குத்தியதுபோல ஆகிவிடுகிறது.

படிவத்தில் இல்லாத கட்டங்களையும் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை பி.டி. பீரியட் கிடைத்தது, அவற்றில் எத்தனையைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டார், மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது பெண் பிள்ளைகளுக்கு எந்த மூலை மிஞ்சியது, தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா, 600 மீட்டர் ஓடும்போது துப்பட்டாவைக் கழற்றி வைக்க அனுமதி உண்டா? இவை எதற்கும் கட்டம் கிடையாது. ஓட்டத்தை முடிக்க அவள் எடுத்துக்கொண்ட நொடிகள் மட்டும் பதிவாகின்றன. அவளுக்கும் மைதானத்துக்கும் இடையே இருந்த தடைகளெல்லாம் அந்த நொடிகளுக்குள் கரைந்து அவளுடைய குறைபாடாகிவிடுகின்றன.

உலக அளவிலான தரவுகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. 11 முதல் 17 வயதுவரையுள்ள மாணவர்களின் உடல் இயக்கம் குறித்து உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் உடல் இயக்கம் வேண்டும் என்பது அளவுகோல். அதை எட்டாதவர்கள் 81 சதவீதம். ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் பெண் பிள்ளைகளே பின்தங்கியிருந்தார்கள். ஆனால் நாடுகளை ஒப்பிட்டபோது, போதிய இயக்கமில்லாத பெண் பிள்ளைகளின் விகிதம் மிகக் குறைவாக இருந்த நாடுகளில் வங்கதேசமும் இந்தியாவும் இருந்தன. காரணம் என்னவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஊகித்துச் சொன்னார்கள்: இங்கே பெண் பிள்ளைகள் வீட்டுவேலை அதிகம் செய்கிறார்கள்.

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பதும் உடல் இயக்கம்தான். வீடு கூட்டுவதும் துணி துவைப்பதும் தம்பியைத் தூக்கிக்கொண்டு திரிவதும் இதயத் துடிப்பை ஏற்றத்தான் செய்யும். கணக்கில் தவறில்லை. ஆனால் விளையாடிக் களைத்த பெண்ணையும் வேலை செய்து களைத்த பெண்ணையும் அந்தக் கணக்கு ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடுகிறது. அண்ணன் பந்து பொறுக்கப் போன ஒரு மணிநேரமும் தங்கை பாத்திரம் தேய்த்த ஒரு மணிநேரமும் அட்டவணையில் சமம். விளையாட்டை விளையாட்டாக்குவது அதைச் செய்பவரின் விருப்பம். அந்த விருப்பம் எந்த அளவுகோலிலும் ஏறுவதில்லை.

விளையாட்டு அறிவியல் பெண்களை ஆராயவில்லை, ஆகவே பெண்கள் பற்றிய தரவுகளைப் பெருக்க வேண்டும் என்பது இன்று பலரும் வைக்கும் கோரிக்கை. அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2014 முதல் 2020 வரை முக்கியமான விளையாட்டு அறிவியல் இதழ்களில் வந்த 5,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒரு குழு அலசியது. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் பெண்கள் 34 சதவீதம். பெண்களை மட்டுமே கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் 6 சதவீதம். எவ்வளவு ஓட வேண்டும், எவ்வளவு எடை தூக்க வேண்டும், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஆண் உடலுக்காக எழுதப்பட்டது. அளவைக் கொஞ்சம் குறைத்துப் பெண்ணுக்கும் அதையே கொடுத்துவிடுகிறார்கள். அண்ணனின் சட்டையைப் பிடித்துத் தைத்துத் தங்கைக்குப் போடுவதுபோல.

இந்தக் கோரிக்கையோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. தரவு குறைவாக இருப்பது ஒரு பிரச்சினை. இருக்கும் தரவு எந்தத் திசையில் போகிறது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. பெண்ணின் உடலிலிருந்து எடுக்கப்படும் எண்கள் ஆசிரியருக்கும் பயிற்சியாளருக்கும் கூட்டமைப்புக்கும் மேல்நோக்கிப் போகின்றன. அந்த இடங்களிலிருந்து அவளை நோக்கி எண்கள் எதுவும் இறங்கி வருவதில்லை. இந்த ஒற்றைவழிப் பாதையை மாற்றாமல் தரவை மட்டும் பெருக்கினால் கண்காணிப்புத்தான் பெருகும்.

அமெரிக்காவின் மேரி கெய்ன் இதற்கு ஒரு சான்று. 2013இல், 17 வயதில், மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியின் 1500 மீட்டரில் ஓடியவர். அதே ஆண்டு நைக்கி நிறுவனத்தின் ஒரேகான் திட்டத்தில் சேர்ந்தார். உலகிலேயே அதிக வசதிகள் கொண்ட பயிற்சி முகாம்களில் ஒன்று அது. தரவுகளுக்கு அங்கே பஞ்சமில்லை. 2019 நவம்பரில் அவர் வெளிப்படையாகப் பேசியபோது சொன்னது இது: எடை 114 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 52 கிலோவுக்கு, இறங்க வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டார், சக வீரர்கள் முன்னிலையில் எடை பார்க்கப்பட்டது, மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றுபோனது, உடலில் ஐந்து எலும்புகள் முறிந்தன. அவரது உடல்நலத்தைப் புறக்கணித்ததாகச் சொல்லப்பட்டதைப் பயிற்சியாளர் மறுத்தார்.

தராசின் முள் காட்டிய எண் அந்த முகாமில் தரவாக மதிக்கப்பட்டது. வராமல்போன மாதவிடாய்க்கு அந்த மதிப்பு கிடைக்கவில்லை. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உணவு இல்லாதபோது உடல் முதலில் இனப்பெருக்கத்துக்கான வேலைகளை நிறுத்திக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு நலிகிறது. மாதவிடாய் நிற்பது அதற்கான எச்சரிக்கை மணி என்று மருத்துவர்கள் 1990களிலிருந்தே சொல்லி வந்திருக்கிறார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதை விரிவாக வரையறுத்து அறிக்கையே வெளியிட்டது. ஆகவே அறிவு இல்லாமல் நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது. பெண்ணின் உடல் தானாகத் தரும் செய்தியைவிடப் பயிற்சியாளர் வேண்டும் எண்ணுக்கு அதிக மதிப்பு இருந்ததுதான் காரணம்.

இன்று காற்று திசை மாறியிருக்கிறது. 2019 உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க மகளிர் கால்பந்து அணி வீராங்கனைகளின் மாதவிடாய்ச் சுழற்சியைக் கவனித்து உணவையும் ஓய்வையும் திட்டமிட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் செல்சி மகளிர் அணியும் செயலி மூலம் அதே வழியில் இறங்கியது. வலி, தூக்கம், சோர்வு என்று வீராங்கனைகள் தாங்களே பதிவு செய்கிறார்கள். நெடுங்காலம் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று பயிற்சித் திட்டத்தில் இடம்பெற்றதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ‘தலைவலி டீச்சர்’ என்று பொய் சொல்லி மரத்தடியில் உட்கார்ந்த தலைமுறைகளுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் இதே செயலி நம் ஊர் மைதானத்துக்கு வரும்போது வெற்றுத் தரையில் வந்து இறங்கவில்லை. தமிழ்க் குடும்பத்தில் பெண்ணின் மாதவிடாய்த் தேதி ஒருபோதும் அவளுடைய அந்தரங்கமாக இருந்ததில்லை. முதல் உதிரப்போக்குக்குப் பந்தல் போட்டு, பெண்ணின் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்து ஊருக்கு அறிவிக்கிறோம். அதற்குப் பிறகு மாதாமாதம் ‘வீட்டுக்குத் தூரம்’ என்று தனித்தட்டும் தனிப்பாயும் கொடுத்து உட்கார வைத்தால் தெருவே நாள் எண்ணிக்கொள்ளும். நாள் தள்ளிப்போனால் திருமணமாகாதவள்மீது சந்தேகம், திருமணமானவளிடம் ‘விசேஷமா?’ என்ற விசாரணை. சுழற்சியைக் கண்காணிக்கும் ஏற்பாடு செயலிக்கு முன்பே நம்மிடம் இருந்தது. அதை இயக்கியவர்கள் அம்மாவும் மாமியாரும் அண்டை வீட்டாரும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த 15 வயதுப் பெண்ணிடம் ஓர் ஆண் பயிற்சியாளர் எக்செல் தாளை நீட்டி ‘உன் தேதியை எழுது’ என்றால், அது அவள் காதில் அறிவியலாக மட்டும் விழாது.

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பள்ளி அணிகளில் சேர விரும்பும் மாணவிகள் நிரப்பும் மருத்துவப் படிவத்தில் முதல் மாதவிடாய் எப்போது வந்தது, கடைசியாக எப்போது, கடந்த ஓராண்டில் எத்தனை முறை என்ற கேள்விகள் இருந்தன. விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம் என்றிருந்ததைக் கட்டாயமாக்கும் யோசனை 2023 தொடக்கத்தில் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2022 ஜூனில், கருக்கலைப்புக்கான அரசியலமைப்புப் பாதுகாப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியிருந்தது. ஒரு மாணவிக்கு நாள் தள்ளிப்போனதை அறியும் படிவம் அந்தச் சூழலில் யார் கைக்குப் போகும் என்று பெற்றோர்களும் மாணவிகளும் கேட்டார்கள். பிப்ரவரியில் பள்ளித் தடகளச் சங்கம் அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கியது. மேரி கெய்னிடம் யாராவது அக்கறையோடு கேட்டிருந்தால் அவர் எலும்பைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே கேள்விகள் இவை. கேட்பவரும் பதிலைக் கையில் வைத்திருப்பவரும் மாறும்போது கேள்வியின் பொருளே மாறிவிடுகிறது.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். குழந்தையைக் காப்பதற்கான ஏற்பாடு என்ற அளவில் சரி. ஆனால் 16 வயது வீராங்கனையின் மாதவிடாய் விவரத்துக்கு அவளுடைய அப்பா கையெழுத்துப் போட்டால் போதும் என்பதும் அதன் பொருள்தான். வேண்டாம் என்று அவள் சொல்ல விரும்பினால் அதைச் சொல்வதற்கு இடம் எங்கே? சொன்னால் அணியில் இடம் நிலைக்குமா? மைதானத்துக்குப் போக ஏற்கெனவே அப்பாவிடமும் அண்ணனிடமும் அனுமதி வாங்கியவள், தன் உடலின் தேதிக்கும் அவர்களையே சார்ந்திருக்கிறாள்.

பெண் உடலிலிருந்து எடுத்த எண் அவள் கையைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைதூர உதாரணம் தேவையில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியிலிருந்து போய் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றவர் சாந்தி சௌந்தரராஜன். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு மருத்துவ அறைக்குள் இருந்திருக்க வேண்டிய முடிவு செய்தியாகி உலகெங்கும் போனது. அவரிடமிருந்து இரத்தம் எடுத்தவர்கள் யாருக்கும் அவரிடம் கணக்குச் சொல்லும் கடமை இருக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து ஒடிசாவின் டுட்டி சந்த் அந்தக் கடமையை உண்டாக்கினார். டெஸ்டோஸ்டிரோன் கூடுதல் என்று 2014இல் 18 வயதில் ஒதுக்கப்பட்டவர், விளையாட்டுகளுக்கான நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். என் உடலை அளந்தீர்கள், அந்த அளவை வைத்து என்னைத் தடுப்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் என்பதே அவர் வழக்கின் சாரம். போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி 2015 ஜூலையில் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. சர்வதேசத் தடகளச் சம்மேளனம் தன்னைச் சேர்ந்த ஆய்வாளர்களின் 2017ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டி, 2018இல் 400 மீட்டர் முதல் ஒரு மைல்வரையிலான ஓட்டங்களுக்குப் புதிய விதி கொண்டுவந்தது. டுட்டி ஓடும் 100, 200 மீட்டர்கள் அதில் இல்லை. வெளி ஆய்வாளர்கள் அந்த ஆய்வின் தரவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது ஒரே வீராங்கனையை இருமுறை எண்ணியிருந்ததும், எந்தப் போட்டியிலும் பதிவாகாத நேரங்கள் இடம்பெற்றிருந்ததும் தெரியவந்தன. அந்த ஆய்வு காரண காரிய உறவை நிறுவவில்லை என்று ஆய்விதழில் திருத்தம் வந்தது 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த பிறகு. அந்த விதியால் காஸ்டர் செமன்யா அங்கே தன் 800 மீட்டரை ஓட முடியாமல் போயிருந்தது. பெண்ணின் இரத்தத்தில் நுண்ணளவு பார்த்த நிறுவனம் தன் அட்டவணையில் ஆட்களைச் சரியாக எண்ணியிருக்கவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வின் உச்சம் 2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸில் தெரிந்தது. 50 கிலோ பிரிவில் முதல் நாள் மூன்று போட்டிகளை வென்று இறுதிக்கு வந்த வினேஷ் போகாட், மறுநாள் காலை 100 கிராம் கூடியதால் தகுதி இழந்தார். இரவெல்லாம் வியர்க்க வைத்தார்கள், கடைசியில் தலைமுடியையும் வெட்டிப் பார்த்தார்கள். எடைப் பிரிவு விதி எல்லோருக்கும் பொதுவானது, அதில் எனக்கு விவாதமில்லை. அதே வினேஷ் 2023 ஜனவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து, மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் வீராங்கனைகளைப் பாலியல்ரீதியாகத் துன்புறுத்தினார் என்று குற்றம் சாட்டியவர்களில் ஒருவர். தலைவர் மறுத்தார். அரசு ஒரு மேற்பார்வைக் குழு அமைத்தது. அதன் அறிக்கை முழுமையாகப் பொதுவெளிக்கு வரவில்லை. ஒரு வீராங்கனையின் உடலில் கூடிய 100 கிராமை நாடே அறியும். அவளைப் போன்றவர்கள் கொடுத்த புகார்களை விசாரித்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதை நாடு முழுதாக அறியாது.

எனவே அளவீட்டைத் தூக்கி எறிவது நம் வேலையாக இருக்க முடியாது. எண்கள் இல்லாவிட்டால் 6 சதவீதம் என்ற அநியாயத்தைக்கூட நாம் சொல்லியிருக்க முடியாது. டுட்டி செய்ததுபோல அளவுகோலை எதிர்ப்பக்கமும் திருப்ப வேண்டும். பள்ளியின் உடல்திறன் படிவத்தில் பள்ளியைப் பற்றிய ஒரு பக்கமும் இருக்கட்டும்: பறிபோன பி.டி. பீரியட்கள், பெண் உடற்கல்வி ஆசிரியர்களின் எண்ணிக்கை, நாப்கின் மாற்ற இடம், எட்டாம் வகுப்புக்குப் பின் மைதானத்துக்கு வராமல் நின்றுவிட்ட பெண் பிள்ளைகள் எத்தனை பேர், ஏன். கூட்டமைப்புகள் வீராங்கனைகளின் எடையைக் குறித்து வைப்பதுபோலத் தங்களுக்கு வந்த புகார்களின் எண்ணிக்கையையும் தீர்த்த நாளையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். மாதவிடாய் விவரம் வீராங்கனையின் கைபேசியில் இருக்கட்டும். யாருக்குக் காட்டுவது, எப்போது அழிப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். மறுத்தால் அணியில் இடம் போகாது என்று எழுதித் தரட்டும்.

அந்த 9 வயதுச் சிறுமியிடம் முதலில் முழுத் தண்டால் எடுத்துப் பார்க்கச் சொல்வோம். முடியாவிட்டால் முழங்காலை ஊன்றிக்கொள்ளட்டும், பையனாக இருந்தாலும் அப்படியே. எண்ணிக்கையை எழுதும்போது தாளை அவளுக்கும் காட்டுவோம்.